திருப்பி அனுப்பிய பொருள் வழியில் தொலைந்தால் பணத்தை மீட்பது எப்படி

இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்த நிலைமை புதிதாக இராது. வாசலுக்கு வந்த கூரியர் ஊழியர் பெட்டியை வாங்கிச் சென்றுவிட்டார். செயலியில் ‘பொருள் பெறப்பட்டது’ என்ற வரி பச்சை நிறத்தில் நிற்கிறது. அதன் பிறகு பத்து நாள்களாக எந்த அசைவும் இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், பொருள் இன்னும் கிடங்குக்கு வந்து சேரவில்லை, சேர்ந்ததும் பணம் வந்துவிடும், 48 மணி நேரம் பொறுத்திருங்கள் என்கிறார்கள். அந்த 48 மணி நேரம் முடிந்ததும் அடுத்த 48 மணி நேரம் தொடங்குகிறது. பொருளும் இல்லை, பணமும் இல்லை என்ற இந்த நிலையிலிருந்து மீள இந்தியாவில் என்னென்ன வழிகள் உள்ளன என்பதை, எந்த வரிசையில் செய்தால் பலன் கிடைக்குமோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தொலைந்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்கியவரின் வேலை அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நிறுவனம் அனுப்பிய ஆளிடம் பொருளை ஒப்படைத்ததோடு அவர் செய்ய வேண்டியது முடிந்துவிடுகிறது. ‘என் பார்சல் எங்கே’ என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பவர், தம்மை அறியாமலேயே அந்தப் பெட்டியின் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ‘இன்ன தேதியில், இன்ன நேரத்தில், உங்கள் ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன், பணம் எந்தத் தேதியில் வரும்’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே கேள்வியை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அழுத்தத்தோடு கேட்பதுதான்.

இதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் ஒரே விதியில் அது முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒருவர் அமர்த்திய முகவர் தம் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்யும் செயல், அமர்த்தியவரே செய்த செயலுக்கு ஒப்பாகும். நிறுவனமோ விற்பனையாளரோ ஏற்பாடு செய்த கூரியர் ஊழியர் உங்கள் முகவர் அல்லர், அவர்களுடைய முகவர். அவர் கையில் கொடுத்தது அவர்கள் கையிலேயே கொடுத்ததாகும் என்பது உங்கள் தரப்பின் அடிப்படை. இதன்மேல், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஏற்றுக்கொண்ட பணத்திருப்பக் கோரிக்கைகளுக்கு நியாயமான காலத்துக்குள் பணம் தர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவதாக, வாங்கிய நாளில் அந்தத் தளத்தில் இருந்த ரிட்டர்ன் கொள்கையும் உங்களுக்கு அவர்கள் கொடுத்த வாக்கே. கொள்கைப் பக்கத்தைப் பலரும் படிப்பதில்லை. ஆனால் ‘பொருளை எடுத்துச் சென்ற பின் இத்தனை நாள்களில் பணம் வரும்’ என்று அதில் ஒரு வரி இருந்துவிட்டால், பிற்பாடு எழுதும் எல்லாக் கடிதங்களுக்கும் அது ஒன்றே போதும். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொள்கைகள் சத்தமில்லாமல் மாறக்கூடியவை.

பெட்டி எந்த இடத்தில் தொலைந்தது

பெட்டியைத் தேடுவது நம் வேலை அன்று என்று சொன்னாலும், அது எந்தக் கட்டத்தில் காணாமல் போனது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் நிறுவனம் சொல்லப்போகும் பதிலும் அதற்கு நீங்கள் காட்ட வேண்டிய சான்றும் அதைப் பொறுத்தே மாறும்.

ஆர்டர் எண், ரிட்டர்ன் எண் ஆகிய இரண்டும் செயலியிலேயே கிடைக்கும். மூன்றாவதாக, பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவும் கூரியர் நிறுவனத்தின் ஏர்வே பில் எண் ஒன்று உண்டு. அது பிக்கப் பற்றி வந்த குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ ஊழியர் கொடுத்த துண்டுச்சீட்டிலோ இருக்கும். அந்த எண்ணை வாங்கிய தளத்தின் செயலியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், கூரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். வாங்கிய தளத்தில் ‘வழியில் உள்ளது’ என்ற ஒற்றை வரி இருக்கும்போது, கூரியரின் தளத்தில் எந்த ஊர் மையத்தில் எந்த நேரத்தில் ஸ்கேன் செய்யப்பட்டது என்பது வரை வரிசையாக இருக்கும். பெரும்பாலும் நான்கில் ஒன்றைக் காண்பீர்கள்.

பொருள் கிடங்கில் ஒப்படைக்கப்பட்டதாகவே கூரியரின் பதிவு காட்டலாம். அப்படியானால் உங்கள் வழக்கு ஏறத்தாழ முடிந்தது. குழப்பம் நிறுவனத்தின் கிடங்குக்குள் இருக்கிறது. ஒப்படைத்ததற்கான சான்றைக் கூரியரிடம் கேட்டுப் பெற்று, அதைப் புகாரோடு இணைத்துவிட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு மேல் வாதாடுவதில்லை.

வழியில் ஏதோ ஒரு மையத்தில் வந்து நின்றிருக்கலாம். உண்மையில் தொலையும் பெட்டிகளில் பல இப்படித்தான் தொலைகின்றன; ஒட்டிய தாள் கிழிந்தோ, வேறு மூட்டையோடு கலந்தோ போயிருக்கும். கடைசியாக ஸ்கேன் ஆன தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு இருக்கும் வரை, பொருளை நீங்கள் கொடுக்கவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊழியர் வாங்கிச் சென்றதற்குப் பிறகு ஒரு ஸ்கேன்கூட இல்லாமல் இருக்கலாம். இது சற்றுக் கடினமானது. நீங்கள் கொடுத்ததற்கான சான்று உங்கள் பக்கத்திலிருந்தே வர வேண்டும். ஊழியரிடம் சொன்ன ஓடிபி குறுஞ்செய்தி, ‘பிக்கப் முடிந்தது’ என்ற செய்தி, அன்று அவர் வழி கேட்டு அழைத்த அழைப்பின் நேரம், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் காவலரின் வருகைப் பதிவேடு, சிசிடிவி பதிவு ஆகியவை ஒவ்வொன்றும் இங்கே பயன்படும். சிசிடிவிப் பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிந்து புதியவை எழுதப்படுவதால், சந்தேகம் வந்த அன்றே அந்தப் பகுதியைப் பிரதி எடுத்துத் தரும்படி குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டுவிட வேண்டும்.

நான்காவது நிலைதான் எரிச்சல் மூட்டுவது. பொருளை எடுத்துச் சென்ற பிறகும், ‘வாடிக்கையாளர் பிக்கப்பை ரத்து செய்தார்’ என்றோ ‘வீட்டில் ஆள் இல்லை’ என்றோ பதிவாகியிருக்கும். கையிலுள்ள கருவியில் தவறான பொத்தானை அழுத்தியதாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம். நமக்கு அது முக்கியமில்லை. அன்றைக்கே, இயன்றால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே, ‘நான் ரத்து செய்யவில்லை, பொருள் இத்தனை மணிக்கு எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது’ என்று சாட்டில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். மூன்று நாள் கழித்துச் சொல்வதற்கும் அன்றே சொல்வதற்கும் நம்பகத்தன்மையில் பெரிய வேறுபாடு உண்டு. இந்த நிலையில் சேவை ஊழியர்கள் பெரும்பாலும் ‘புதிதாக ஒரு பிக்கப் போட்டுத் தருகிறேன்’ என்பார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய கோரிக்கை பதிவான நொடியில், பொருள் இன்னும் உங்களிடமே இருப்பதாக நீங்களே சொல்லிவிட்டதாக ஆகிவிடும்.

தொலைபேசியை விட எழுத்து

தொலைபேசியில் அரை மணி நேரம் காத்திருந்து பெறும் உறுதிமொழிக்கு, அடுத்த முறை அழைக்கும்போது எந்த மதிப்பும் இருப்பதில்லை. சாட்டில் கேட்டால் உரையாடலின் பிரதி கிடைக்கிறது. மின்னஞ்சலில் கேட்டால் தேதியோடு பதிவு நிற்கிறது. மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தந்து, அதைக் கொண்டு நிலையைத் தெரிந்துகொள்ளும் வசதியைத் தளங்கள் செய்துதர வேண்டும். ஆகவே புகார் எண் தராமல் எந்த உரையாடலையும் முடிக்க விடாதீர்கள். ‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததா’ என்று கேட்டு ஒரு பொத்தான் வரும்போது, நன்றி சொல்லும் பழக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுபவர்கள் பலர். பணம் கணக்கில் வந்து சேரும் வரை பதில் ‘இல்லை’ என்பதுதான்.

சாட்டில் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை கேட்டுவிட்டு, கொள்கையில் சொன்ன கெடு கடந்ததும் குறைதீர் அலுவலருக்கு எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் இப்படி ஓர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில், சிறிய எழுத்தில், யாரும் சொடுக்காத இணைப்புகளுக்கு நடுவே அந்த விவரம் இருக்கும். சாதாரணச் சேவை ஊழியரால் ஒரு வரம்புக்கு மேல் பணத்தை விடுவிக்க முடியாமல் இருக்கலாம். குறைதீர் அலுவலரின் மேசைக்கு வந்த புகாருக்கோ சட்டக் கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோபமாக இருக்கவே வேண்டியதில்லை. கீழே உள்ளதைப் போல எழுதினால் போதும்.

‘மதிப்புக்குரிய குறைதீர் அலுவலர் அவர்களுக்கு, வணக்கம். இன்ன ஆர்டர் எண்ணில் நான் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்ப விடுத்த கோரிக்கையைத் தங்கள் நிறுவனம் இன்ன தேதியில் ஏற்றுக்கொண்டது. தாங்கள் அனுப்பிய கூரியர் ஊழியரிடம் இன்ன தேதியில், இன்ன மணிக்குப் பொருளை ஒப்படைத்தேன். அதற்கான குறுஞ்செய்தியும் கூரியர் பதிவும் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் கொள்கையின்படி பணம் வந்திருக்க வேண்டிய நாள் இன்ன தேதி. ஒப்படைத்த பின் பொருள் வழியில் தொலைந்திருந்தால் அது தங்களுக்கும் தங்கள் கூரியருக்கும் இடையிலான விஷயம் ஆகும். செலுத்திய முழுத்தொகையையும், செலுத்திய அதே வழியில், இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.’

இதில் ‘செலுத்திய அதே வழியில்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். இழுபறியின் நடுவே, தங்கள் தளத்தில் மட்டுமே செலவழிக்கக்கூடிய வாலட் தொகையாகவோ கூப்பனாகவோ தருவதாகச் சில நிறுவனங்கள் சொல்லும். அங்கேயே அடிக்கடி வாங்குபவருக்கு அது சரிப்படலாம். பணமாகக் கொடுத்ததைப் பணமாகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூப்பனை ஒரு முறை ஏற்றுக்கொண்டுவிட்டால் அதன் பிறகு அந்த உரிமையைப் பேசுவது கடினம்.

‘நாங்கள் சந்தை மட்டுமே, விற்றவர் வேறு ஒருவர், அவர்தான் பணம் தர வேண்டும்’ என்ற பதிலும் வரலாம். ரிட்டர்னை ஏற்றதும், கூரியரை அனுப்பியதும், பணத்தை வாங்கியதும் அந்தத் தளமே என்பதை நினைவூட்டுங்கள். அதோடு, எழுத்துமூலம் கேட்டால் விற்பனையாளரின் முகவரியும் மின்னஞ்சலும் உள்ளிட்ட விவரங்களை வாங்கியவருக்குத் தளம் தர வேண்டும் என்று விதிகள் சொல்வதால், அதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பின்னர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் எதிர்த்தரப்பில் சேர்க்க அந்த முகவரி வேண்டும்.

எப்படிப் பணம் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து

கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ பணம் செலுத்தியவருக்கு, பிறருக்கு இல்லாத ஒரு வழி உண்டு. அதுதான் சார்ஜ்பேக். பொருளைத் திருப்பிக் கொடுத்தும் பணம் வரவில்லை என்று கார்டு வழங்கிய வங்கியிடம் தகராறு பதிவு செய்தால், வங்கி கார்டு நிறுவனத்தின் வழியே விற்றவரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். சான்று காட்டி மறுக்க வேண்டிய சுமை அந்தப் பக்கம் போய்விடும். விசா போன்ற கார்டு வலைப்பின்னல்களில் இத்தகைய தகராறுகளுக்குப் பொதுவாக 120 நாள் கெடு இருக்கிறது. ஆனால் வங்கிகள் தம் வாடிக்கையாளர்களுக்கு அதைவிடக் குறைந்த கெடு வைத்திருப்பதும் உண்டு. ஆகவே நிறுவனத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து இரண்டு மாதங்களைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொண்டு, அதற்குள் வங்கியில் பதிவு செய்துவிடுவது நல்லது. வங்கி கேட்கும் முதல் கேள்வி ‘விற்றவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா’ என்பதாகவே இருக்கும். குறைதீர் அலுவலருக்கு எழுதிய மின்னஞ்சல் அங்கேயும் உதவும். வங்கி புகாரைப் பதிவு செய்யவே மறுத்தாலோ, 30 நாள்களில் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

மாதத்தவணையில் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணம் திரும்பி வரும் வரை தவணை ஓடிக்கொண்டேயிருக்கும். பிரச்சினை தீரட்டும் என்று தவணையைக் கட்டாமல் நிறுத்தினால் தாமதக் கட்டணமும் கடன் மதிப்பெண்ணில் அடியும் உங்களுக்கே. பணம் வந்த பிறகும் தவணையைத் தனியாக ரத்து செய்யும்படி வங்கியிடம் சொல்ல வேண்டியிருக்கலாம். செயலாக்கக் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் திரும்பாமல் போவது சகஜம். அந்த இழப்பையும் கணக்கில் எழுதி வையுங்கள், இழப்பீடு கேட்கும்போது சேர்த்துக் கேட்கலாம்.

யுபிஐ மூலம் செலுத்தியிருந்தால், அந்தச் செயலியிலேயே பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவு செய்யலாம். செய்வதில் தவறில்லை, ஆனால் சார்ஜ்பேக் அளவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பொருளை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்தவருக்கு வங்கி வழி எதுவும் இல்லை. நிறுவனம் கேட்கும் வங்கிக் கணக்கு விவரத்தைச் செயலிக்குள் மட்டுமே பதிவிட வேண்டும்.

சில நேரங்களில் நிறுவனம் ‘பணத்தை அனுப்பிவிட்டோம்’ என்று சொல்லும், கணக்கிலோ எதுவும் இருக்காது. அங்கே பெட்டி தொலைந்த கதை முடிந்து வேறு கதை தொடங்குகிறது. கார்டு என்றால் பணத்திருப்பத்தை அடையாளம் காட்டும் 23 இலக்கமுள்ள ஏஆர்என் எண்ணையும், யுபிஐ என்றால் 12 இலக்கமுள்ள குறிப்பு எண்ணையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வங்கியிடம் கொடுத்தால், பணம் எங்கே நிற்கிறது என்று வங்கியால் தேட முடியும். எண்ணைத் தர முடியாத நிறுவனம் பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்றே கொள்ளலாம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்று ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தோல்வியுற்ற பரிவர்த்தனைகளுக்கானது; விற்பனையாளர் பணம் தராமல் இழுத்தடிப்பதற்குப் பொருந்தாது. பொருந்தாத விதியைக் காட்டினால் பொருந்தும் விதிகளின் வலுவும் குறைந்துவிடும்.

நாமே அனுப்ப வேண்டி வந்தால்

சில ஊர்களுக்குப் பிக்கப் வசதி இல்லை என்று சொல்லி, பொருளை நீங்களே கூரியரில் அனுப்புங்கள் என்பார்கள். இங்கே நிலைமை மாறிவிடுகிறது. கூரியரைத் தேர்ந்தவர் நீங்கள் என்பதால், அது வழியில் தொலைந்தால் உங்கள் ஆள் தொலைத்ததாக நிறுவனம் வாதிடும். எனவே எந்த முகவரிக்கு, எந்தக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

ரசீதில் எடை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடையின் அருமையை நான் ஓர் இரும்புத் தோசைக்கல்லால் தெரிந்துகொண்டேன். 2,150 ரூபாய்க்கு வாங்கியது; ஓரத்தில் விரிசலோடு வந்தது. திருப்பி அனுப்பிய பிறகு, முதலில் பெட்டி வரவில்லை என்றார்கள்; மூன்று வாரம் கழித்து, வந்த பெட்டியில் ஒன்றும் இல்லை என்றார்கள். கூரியர் பதிவில் பெட்டியின் எடை 3.4 கிலோ என்று இருந்தது. வெறும் அட்டைப்பெட்டி 3.4 கிலோ எடை வருவது எப்படி என்று ஒரே வரி எழுதினேன். அனுப்பிய நாளிலிருந்து 41ஆம் நாள் பணம் வந்தது. அன்று முதல், திருப்பி அனுப்பும் எதையும் சமையலறைத் தராசில் வைத்துப் படம் எடுத்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். கைபேசி, மடிக்கணினி போன்றவற்றில் வரிசை எண்ணோ ஐஎம்இஐ எண்ணோ தெரியும்படி, பெட்டியில் வைத்து நாடா ஒட்டுவது வரை இடையில் வெட்டாமல் ஒரே காணொளியாக எடுத்தால் இன்னும் நல்லது.

விலையுயர்ந்த பொருளானால் காப்பீடு இல்லாமல் அனுப்பக் கூடாது. கூரியர் ரசீதின் பின்பக்கத்தில் இழப்பீட்டுக்கு ஒரு சிறிய தொகையே உச்ச வரம்பாக அச்சிடப்பட்டிருக்கும். கையெழுத்திட்டுக் கொடுத்தவரை அந்த நிபந்தனை கட்டும் என்று 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, தொலைந்த உறைக்கு ரசீதில் சொன்ன 100 டாலருக்கு மேல் கிடைக்காது என்று முடித்துவிட்டது. அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலிலும், தொலைந்தால் கிடைப்பது செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே என்பதுதான் நெடுங்கால நடைமுறை. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளை நூறு ரூபாய்க் கட்டணத்தில் அனுப்பினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

போலி உதவி எண்கள்

ரீஃபண்டுக்காக அலைபவரைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். கூகுளில் ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடினால் போலி எண்கள் மேலே வந்து நிற்பதுண்டு. சமூக ஊடகத்தில் நிறுவனத்தைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினால், அதே சின்னத்தோடு வேறொரு கணக்கு ஐந்தே நிமிடத்தில் பதில் சொல்லும். செயலிக்குள் இருக்கும் எண்ணைத் தவிர எதையும் அழைக்காதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னாலோ, ரீஃபண்டை விடுவிக்கச் சிறு தொகை செலுத்தச் சொன்னாலோ உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

1915, அதன் பிறகு ஆணையம்

குறைதீர் அலுவலரிடமிருந்து 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டாலோ, ஒப்புக்கொண்டும் வழக்கமான பதிலே வந்தாலோ, ஒரு மாதம் முழுதும் காத்திருக்காமல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த மையம் நீதிமன்றம் அன்று, நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனால் பெரிய மின்வணிக நிறுவனங்கள் பலவும் இதனோடு இணைந்திருப்பதால், புகார் நேரே அவற்றின் தனிப்பிரிவுக்குப் போய்விடுகிறது. சாட்டில் மாதக்கணக்கில் நகராத கோப்பு இங்கிருந்து போன பிறகு நகர்வதை நானே பார்த்திருக்கிறேன். சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருள்களுக்கு இந்தப் படியிலேயே முடித்துக்கொள்ள முயல்வதுதான் விவேகம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருவிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலியில் இருப்பவர் திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 2025 ஜனவரி முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம். எதிர்த்தரப்பில் வாங்கிய தளம், விற்பனையாளர், கூரியர் நிறுவனம் ஆகிய மூவரையும் சேர்ப்பது நல்லது. அவர்களுள் யார் பொறுப்பு என்பதை அவர்களே ஆணையத்தின் முன் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். திரும்ப வர வேண்டிய தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதி வரிசையில் எண்ணிட்டு இணைத்து, அவை உங்கள் கைபேசியிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற சான்றுறுதியையும் சேர்த்துவிட்டால், மின்னணுச் சான்று பற்றிய ஆட்சேபம் எழாது. மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஆனால் அறிவிப்பு போய்ச் சேர்ந்ததும் பணத்தைக் கொடுத்துச் சமாதானம் பேச வரும் நிறுவனங்களும் உண்டு. அப்போது, பணம் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே புகாரைத் திரும்பப் பெறும் மனுவில் கையெழுத்திட வேண்டும்.

பணம் வந்து இரண்டு மாதம் கழித்து, தொலைந்த அதே பெட்டி நசுங்கிய மூலைகளோடு உங்கள் வாசலுக்கே திரும்பி வருவதும் நடக்கிறது. அதைப் பிரிக்காமல் படம் எடுத்து, பொருள் தவறுதலாக என்னிடம் வந்திருக்கிறது, 15 நாள்களுக்குள் உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பெட்டியைப் பரண்மேல் வைத்துவிடுங்கள்.